வந்தவர் சமைத்த விருந்து

ஆரணி என்றதும் பட்டு நினைவுக்கு வருகிறது. அந்தப் பட்டுக்குரிய நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது. சரிகை சூரத்திலிருந்து வருகிறது. தறியில் அமர்வோரில், பல தலைமுறைகளுக்கு முன் சௌராட்டிரத்திலிருந்து பெயர்ந்த மரபினரும் உண்டு. ஆயினும் அது ஆரணிப் பட்டுத்தான்! எவரும் மறுப்பதில்லை. உடைக்கு வழங்கும் இந்த நியாயத்தை உணவுக்கு மட்டும் மறுத்து, 'நம் உணவு', 'அந்நிய உணவு' என வேலி கட்டுவது ஏன் என்று கேட்கிறோம்.

ஆரணிக் கடைத்தெருவில் மணக்கும் பிரியாணியையே பாருங்கள். பெயர் பாரசீகம். ஆரணியோ, ஆர்க்காட்டு நவாபுக்குக் கப்பம் கட்டிய மராட்டிய ஜாகீர்தார்களின் சீமை. நவாபுகளின் காலத்தில் இவ்வட்டாரத்தில் வேரூன்றிய அவ்வுணவு, நம் சீரகச் சம்பாவை ஏற்றது. நம் கத்தரிக்காயைத் துணைக்கு அழைத்தது. அதற்குக் காரம் தரும் மிளகாய், அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து போர்த்துக்கீசியர் கப்பலில் வந்தது. மன்னர் விருந்தாக இருந்தது, இன்று நெசவாளியின் இலையில் இருக்கிறது.

இது நூற்றாண்டுகளின் கதை. ஒரே தலைமுறைக்குள் நடந்த கதையும் ஒன்று உண்டு. அதைக் காணச் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தின் அருகே செல்ல வேண்டும்.

1962-இல் பர்மாவில் தளபதி நீ வின் ஆட்சியைக் கைப்பற்றினார். அடுத்த ஆண்டுகளில் வணிகம் நாட்டுடைமையாயிற்று. 1964-இல் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாதவையாயின. அந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழர்கள், அகதிகளாய்க் கப்பலேறினர். கடை அங்கே நின்றது. சேமிப்பு அங்கே நின்றது. கைப்பக்குவம் மட்டும் கூட வந்தது. அதைப் பறிமுதல் செய்ய எந்தச் சுங்கச் சாவடியாலும் இயலவில்லை!

அந்தக் கைப்பக்குவமே அவர்களுக்கு முதலாயிற்று. 1969-இல் உருவான பர்மா பஜாரின் பக்கத்தில் அவர்களுடைய தள்ளுவண்டிகள் நின்றன. கையால் பிசைந்தது எனப் பொருள்படும் பர்மியச் சொல்லிலிருந்து பிறந்தது 'அத்தோ'. வேகவைத்த நூடுல்ஸில் முட்டைக்கோசும் வெங்காயமும் புளிக்கரைசலும் மிளகாய்த்தூளும் சேர்த்துப் பிசைந்து தந்தனர். பர்மாவில் மீனிட்டுக் காய்ச்சும் மொய்ங்கா, இங்கே மீனின்றி வாழைத்தண்டுச் சாறாகவும் கிடைத்தது. பசியோடு வந்தவர்கள் ஒரு நகரின் பசியைத் தீர்த்தார்கள். அதன் நாவுக்குப் புதுச்சுவையும் தந்தார்கள்.

சுவையினும் பெரிய பயன் ஒன்று உண்டு. 1957-இல் சென்னை முரளி கபேயின் முன் பெரியாரின் தொண்டர்கள் மறியல் செய்தது எதற்காக? காசு வாங்கிச் சோறு போடும் இடத்தின் பெயர்ப்பலகையில், 'பிராமணாள்' என்ற சொல் பிறப்பைப் பறைசாற்றியதற்காக! தள்ளுவண்டிக்கு அத்தகைய பலகை இல்லை. மூட்டை சுமப்பவரும் பேனா பிடிப்பவரும் தோள் உரசி நின்று உண்கின்றனர். அதனால் சாதி ஒழிந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. பந்தியில் இடம் மறுக்கப்பட்டவன் நிமிர்ந்து நின்று உண்ணும் இடம் ஒன்று கிடைத்தது என்கிறோம்.

தோழர்களே, இன்று வடபுலத்து ஏழைத் தொழிலாளி நம் ஊர்களில் பானிபூரி விற்கிறான். அவனைக் கண்டு முகஞ்சுளிப்போர் நம்மிடையேயும் உளர். மொழித் திணிப்பை எதிர்ப்பது வேறு. வயிற்றுப்பாட்டுக்கு வந்தவனை வெறுப்பது வேறு. முன்னது உரிமைப் போர், பின்னது சிறுமை. அன்று ரங்கூனில் நம்மவரை 'அந்நியர்' என்று விரட்டிய அதே குரலை நாம் எழுப்பலாமா?

உணவு தூய்மையாக இருக்கிறதா என்று கேளுங்கள், அது அறிவு. சமைத்தவன் எங்கே பிறந்தான் என்று கேட்பது மனுவின் கேள்வி. தெருவோர வணிகரைக் காக்க 2014-இல் சட்டமே பிறந்திருக்கிறது. வண்டியைக் கவிழ்க்க வருவோரிடம் அச்சட்டத்தைச் சுட்டிக்காட்டித் துணை நிற்பது, பகுத்தறிவு பேசும் இளைஞரின் கடமை.