பெயர் தைத்த துணிச்சதுரம்

கிழிந்த துணியையும் வீணாக்காது, துண்டுகளை இணைத்துப் புதுப்பொருள் ஆக்கும் கலை பல நாடுகளிலும் உண்டு. வங்காளப் பெண்டிர் பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்துக் காந்தா என்னும் போர்வை செய்தனர். தஞ்சையில் வண்ணத்துணிகளை வெட்டி ஒட்டுத்தையலிட்டுத் தேருக்குரிய தொம்பைகளை அமைத்தனர். மேலை நாடுகளில் ஒட்டுத்துணிப் போர்வையாக வளர்ந்த இக்கலை, இரண்டாம் உலகப் போரின்போது நமக்கு அண்மையிலேயே ஒரு வரலாற்று ஆவணமாக மாறிற்று.

1942 சனவரி 11ஆம் நாள் கோலாலம்பூர் சப்பானியர் கைப்பட்டது. பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் வீழ்ந்தது. ஐரோப்பியர் முதலிய பெண்டிரும் குழந்தைகளுமாக ஏறத்தாழ 400 பேர் சிங்கப்பூரின் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டனர். கணவன்மார் வேறிடங்களில் பிரித்து வைக்கப்பட்டனர். ஒருவர் உயிரோடிருப்பதை மற்றவருக்கு அறிவிக்க வழியில்லை.

அந்நிலையில், எத்தல் மல்வெனி என்னும் கனடா நாட்டுப் பெண்மணி ஒரு வழி கண்டார். பெண்கள் ஒவ்வொருவருக்கும் ஆறு அங்குலச் சதுரத்துணி கொடுத்து, அதில் தம்மைக் குறிக்கும் ஏதேனும் ஒன்றைத் தைக்குமாறு வேண்டினார். பூ, வீடு, கப்பல், சிறைச்சுவர் எனப் பலவும் உருவாயின. அவற்றோடு பெயர்களும் இடம்பெற்றன. 66 சதுரங்கள் கொண்ட மூன்று போர்வைகள் இன்றும் உள்ளன. காயமுற்றோர்க்கென மருத்துவமனைக்கு அனுப்பப்பெற்ற அவை, சிறைப்பட்ட ஆடவர்க்குத் தம் மனைவியர் வாழ்கின்றனர் என்னும் செய்தியைச் சுமந்தன. காவலர் கண்ணுக்கு அது போர்வை. கணவன் கண்ணுக்கோ அது கடிதம். அவற்றுள் இரண்டு ஆசுத்திரேலியப் போர் நினைவகத்தில் காக்கப்பெறுகின்றன.

அதே ஆண்டுகளில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர் நிலை என்ன? இரப்பர் ஏற்றுமதி நின்றது. வேலையும் அரிசியும் குறைந்தன. துணி இறக்குமதி அற்றுப்போகவே, மக்கள் சாக்கைத் தைத்து உடுத்தனர். ஆடவர் பலர் 415 கிலோமீட்டர் நீளச் சயாம்-பர்மா இரயில்பாதை அமைக்கக் கொண்டுசெல்லப்பட்டனர். 1943 அக்டோபரில் பாதை முடிவுற்றது. சென்றோரில் பல்லாயிரவர் திரும்பவில்லை. மாண்ட ஆசியத் தொழிலாளரின் புதைகுழிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பெயர்ப்பலகையும் இல்லை.

சாங்கிப் பெண்டிரின் துயரம் சிறிதன்று. எனினும் அவர்தம் பெயர்கள் ஆறு அங்குலத் துணியில் நிலைத்தன. நம் பாட்டியரும் ஊசி பிடித்தவரே. ஆனால் அவர் தைத்த சாக்குடை மக்கி மண்ணாயிற்று. வரலாறு நிலைப்பது துயரத்தின் அளவால் அன்று, பதிவால் என்பது இதனால் விளங்கும்.

இதனை மாணவர் கையாலேயே உணரச் செய்யலாம். ஆறரை அங்குலச் சதுர வெள்ளைத்துணியில், போர்க்காலத்தில் வாழ்ந்த தம் குடும்பத்து மூத்தோர் ஒருவரின் பெயரை அவர்கள் நூலால் தைக்கட்டும். இரண்டரை அங்குல அகலமுள்ள வண்ணப் பட்டைகள் நான்கு வேண்டும்: இரண்டு ஆறரை அங்குல நீளம், இரண்டு பத்தரை அங்குல நீளம். கால் அங்குலம் தையலுக்கு விட்டு, முதலில் குறும்பட்டைகளை இருபுறமும், பின்னர் நெடும்பட்டைகளை மேலும் கீழும் நேர்த்தையலால் இணைத்தால், பெயரைச் சுற்றிச் சட்டம் அமைந்துவிடும்.

பெயரைத் தைக்க வேண்டுமாயின், முதலில் அப்பெயரை வீட்டில் கேட்டறிதல் வேண்டும். பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் அதனைச் சொல்லக்கூடிய முதியோர் குறைந்து வருகின்றனர். அவர்கள் இருக்கும்போதே ஊசியில் நூல் கோப்பது நம் கடனாகும்.