ஒருவருக்கு ஏன் பன்மை?



ஹாலிஎலைப் பகுதியில் நான் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தபோது, தோட்டத்து மாணவி ஒருத்தி எழுந்தாள். “ஐயா, ஒருவருக்கு ‘ஹீ இஸ்’ என்கிறோம், எதிரில் நிற்பவரும் ஒருவர்தானே? அவருக்கு மட்டும் ‘யூ ஆர்’ என்று பன்மை வினை வருவது ஏன்?” என்று வினவினாள். விதியை மனனம் செய் என்று கூறி அவளை அமர்த்தியிருக்கலாம். ஆயினும் அவ்வினாவிலே ஒரு சரித்திரம் அடங்கியிருந்தது.

பழைய ஆங்கிலத்தில் முன்னிலை ஒருமைக்கெனத் தனிச்சொல் இருந்தது. ஒருவரை நோக்கித் ‘தௌ ஆர்ட்’ என்றனர். ‘யூ’ என்பது பலருக்கே உரியது. ஏறத்தாழ 13 ஆம் நூற்றாண்டு முதல், பிரெஞ்சு வழக்கைத் தழுவி, உயர்ந்தோர் ஒருவரையும் பன்மையால் அழைக்கலாயினர். நாளடைவில் அம்மரியாதை எல்லாருக்கும் பரவியது. 17 ஆம் நூற்றாண்டில், மனிதர் அனைவரும் சமமே என்ற குவேக்கர் சமயத்தார், நீதிபதிகளையும் ‘தௌ’ என்றே விளித்து அவர்களின் சினத்துக்கு ஆளாயினர். ஆயினும் பொதுவழக்கில் வென்றது பன்மையே.

பின்னர் சிலர், ஒருவர்தானே என்று ‘யூ வொஸ்’ என ஒருமை வினை சேர்த்துப் பேசினர். 1762 இல் ராபர்ட் லோத் தமது இலக்கண நூலில் அதனைப் பெருவழு எனக் கண்டித்தார். அமெரிக்க அகராதி ஆசிரியர் நோவா வெப்ஸ்டர் அவ்வழக்குக்காக வாதாடியும் அது நூல்நடையில் நிலைபெறவில்லை.

இச்செய்தி தமிழருக்குப் புதிதன்று. ஒருவரைப் பன்மையாற் கூறுதல் வழக்கிலே பிறந்த உயர்சொல். அது இலக்கண நெறியன்று என்று தொல்காப்பியர் அன்றே வகுத்துவிட்டார். உயர்வினால் மட்டுமன்றி இழிப்பினாலும் பால் மயங்கும் என்றார் நன்னூலார்.

அந்த உயர்வையும் இழிவையும் நம் மலைநாட்டுத் தோட்டங்களிலே கண்கூடாகக் கண்டோம். துரைக்கும் கணக்கப்பிள்ளைக்கும் ‘வாங்க’. கொழுந்து பறித்து முதுகு கூனிய மூதாட்டிக்கோ ‘வா’, ‘போ’. பிரித்தானியர் காலத்தில் புதிதாக வந்த சின்னத்துரைமார் தமிழ் பயிலுவதற்கென வெளியான ஒரு கைந்நூலின் பெயரே ‘இங்கே வா’ என்பதாகும்! தம் மொழியிலே யாவருக்கும் பன்மை வழங்கிய இனத்தார், நம் மொழியிலே கற்றுக்கொண்ட முதற்சொல் ஒருமை ஏவல். அதற்கு அவர்களை மட்டும் குறை கூறல் தகாது. அவ்வழக்கு நம்மிடையே முன்னரே இருந்தது. தோட்டப் பாடசாலைகள் 1970களில் அரசின் பொறுப்புக்கு வரத் தொடங்கிய பின்னரும், ஆசிரியராகிய நாமும் அதனை விட்டோமல்லோம்.

இவற்றை அம்மாணவிக்கு விளக்கி முடித்தபின், “அமருங்கள்” என்றேன். அவள் திரும்பிப் பார்த்தாள், தனக்குப் பின்னால் வேறு யாரேனும் நிற்கிறார்களோ என்று. ‘யூ ஆர்’ என்பதை நெடுங்காலம் கற்பித்த நான், அதன் பொருளைக் கற்றது அன்றுதான்.