மலபார் வீதியில் ஒரு காலைப்பொழுது

கண்டி மாநகர் என்றவுடன் எவர் மனக்கண் முன்னும் தோன்றுவன தலதா மாளிகையும், அதன் எண்கோண மண்டபமும், அருகே பரந்துகிடக்கும் ஏரியுமே. அவற்றைப் படம் பிடியாது திரும்பும் யாத்திரிகர் அரியர். ஆனால் அவ்வேரியை வெட்டுவித்த ஸ்ரீ விக்கிரம இராசசிங்கனின் சுற்றத்தார் குடியிருந்த வீதியொன்று இந்நகரில் உண்டென்பதை எத்தனை பேர் அறிவர்? பேராதனையிற் கற்கும் நானும் சென்ற ஆண்டுவரை அறிந்திலேன். அறிந்தபின் ஒரு ஞாயிறு காலை கமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு தனியே புறப்பட்டேன். நம் மன்னர் வீதியைப் படமாக்கி இம்மலரில் இடவேண்டுமென்பதே என் ஆசை.

1739இல் வீர நரேந்திரசிங்கன் பட்டத்துக்குரிய மைந்தனின்றி மறைய, மதுரையிலிருந்து வந்த அவனுடைய அரசியின் சகோதரன் ஸ்ரீ விஜய இராசசிங்கன் என்னும் பெயருடன் அரியணை ஏறினான். அவ்வாறு தொடங்கிய நாயக்கர் ஆட்சி நான்கு மன்னருடன் 1815இல் முடிந்தது. மணமகளாய் அரசி வரும்போது தனியே வருவாளா? தந்தை, தமையன்மார், பணியாளர் என ஒரு சுற்றமே உடன்வந்தது. அவர்கள் வாழ்ந்த தெருவைச் சிங்கள மக்கள் குமாருப்பே வீதி என்றனர். ஆங்கிலேயர் மலபார் வீதி என்றனர். மலபார் என்பது சேரநாட்டுக் கரையின் பெயர். எனினும் ஐரோப்பியர் தமிழர் அனைவர்க்கும் அப்பெயரையே சூட்டிவிட்டனர். நாயக்கரோ தெலுங்கு வழியினர். ஆகவே 'நம் மன்னர்' என்று நான் புறப்பட்டதிற் பாதி, பிறர் இட்ட பெயரை நம்பியதன் விளைவே.

முதற்படம் நாத தேவாலயம். பதினான்காம் நூற்றாண்டில் தென்னிந்தியச் சிற்ப முறையில் கல்லால் எழுந்த அதுவே இந்நகரில் எஞ்சியுள்ள மிகப் பழைய கட்டடம். அங்கிருந்து நடந்து அவ்வீதியை அடைந்தேன். ஈரம் ஊறிய மதில், மின்கம்பிக் கூட்டம், ஓடு சரிந்த ஒரு தாழ்வாரம், கிளை ஒழுங்கையில் உறங்கும் ஒரு நாய்: இருபதுக்கு மேற்பட்ட படங்கள் எடுத்தும் நாயக்கர் ஒருவரும் அகப்படவில்லை! 1905இல் ஆனந்த குமாரசுவாமி கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, பழைய கட்டடங்களைப் பேணும்படி வேண்டினார். அவர் துணைவியார் எதெல் எடுத்த நிழற்படங்கள் 1908இல் வெளிவந்த அவருடைய நூலை அணிசெய்தன. அவர்களுக்குப் படமெடுக்க ஏதோ மிஞ்சியிருந்தது.

“புதே, இங்கே படம் பிடிக்க என்ன இருக்கிறது? மாளிகை அந்தப் பக்கம்” என்று வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி சிங்களத்திற் கேட்டார். அரைகுறைச் சிங்களத்தில், கடைசி மன்னரின் உறவினர் இருந்த தெரு என்றேன்.

“எகலப்பொலையின் பிள்ளைகளைக் கொன்ற ராஜாவா?”

என்னிடம் விடையில்லை. 1814இல் அம்மன்னன் ஆணையால் சிறுவர்களின் தலை வீழ்ந்ததையும், தாய் போகம்பறைக் குளத்தில் அமிழ்த்தப்பட்டதையும் கண்டியிற் குழந்தையும் அறியும். நானும் அறிவேன், புறப்படும்போது நினைக்கவில்லை, அவ்வளவே.

விடுதிக்கு மீண்டு கண்டி உடன்படிக்கையை எடுத்துப் படித்தேன். 1815 மார்ச் 2 என்ற திகதியை மிஷன் பாடசாலையில் மனனம் செய்தவன் நான். அதன் மூன்றாம் பிரிவை அங்கு எவரும் சொல்லித்தரவில்லை. மன்னனின் உறவினரான, அன்றி உறவினரென்று உரிமைகூறும் ஆண்கள் யாவரும் பகைவர். எழுத்து மூலமான அனுமதியின்றிக் கண்டிப் பகுதிக்குள் காலடி வைப்பின் இராணுவச் சட்டம் பாயும். வெளியேற்றப்பட்ட மலபார் சாதி ஆண்கள் எவரும் அவ்வாறே திரும்பலாகாது என்கிறது அது. கொடுமை செய்தவன் ஒருவன். தண்டனையோ ஒரு தெருவுக்கு! தொட்டிற் பிள்ளையும் ஆணாயின் அச்சொற்களில் அடங்கும். மன்னன் 1816இல் சென்னைக்குக் கப்பலேற்றப்பட்டு, வேலூரிற் சிறையிருந்து, 1832 சனவரி 30இல் இறந்தான். அவனுக்குச் சரித்திரத்தில் ஏடுகள் உண்டு. தெருவாசிகளுக்கு அந்த ஒரு பிரிவே.

அம்மூதாட்டி என்னைச் சினந்து அனுப்பவில்லை. வாசலில் நின்ற மல்லிகைப் பந்தரைக் காட்டி, “இதையாவது எடு” என்றார். எடுத்தேன். பிரதியொன்று வேண்டுமாம், அடுத்த போயா நாளிற் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும்.