வேற்றூர்ப் பந்தி

அயல்நாடு செல்வோர்க்கு மொழியினும் பெரிய சோதனை உணவே ஆகும். மொழி தெரியாவிடத்துக் கையாற் குறிப்புக் காட்டிப் பிழைத்துக்கொள்ளலாம். வயிறோ எக்குறிப்புக்கும் இணங்குவதில்லை. இதற்கு வரலாற்றிலிருந்து ஒரு சான்று கூறுவேன்.

மொராக்கோவின் டாஞ்சியர் நகரில் 1304ஆம் ஆண்டு பிறந்த இப்னு பதூதா, இருபத்தோராம் வயதில் வீட்டை விட்டுப் புறப்பட்டு, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பல நாடுகளிலும் உலவியவர். 1352ஆம் ஆண்டு அவர் சகாராப் பாலைவனத்தைக் கடந்து, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்த மாலிப் பேரரசின் தலைநகரை அடைந்தார். பத்து நாட்கள் சென்றபின், அவரும் தோழருமாக அறுவர், சேம்பு போன்ற கிழங்கினால் ஆக்கிய கூழை உண்டனர். மறுநாட் காலையில் அறுவரும் நோயுற்றனர், ஒருவர் மாண்டார். பதூதா தொழுகையின்போதே மயங்கி வீழ்ந்தார். எகிப்தியர் ஒருவர், வேர்ச் சரக்குடன் சோம்பும் சர்க்கரையும் சேர்த்து நீரிற் கலக்கிக் கொடுத்தார். அதைப் பருகி, உண்டதை வெளியேற்றியே அவர் உயிர் பிழைத்தார். ஆயினும் இரண்டு திங்கள் நோய் நீங்கவில்லை.

இதைக் கேட்டதும், "அந்நாட்டு உணவே கொடியது போலும்!" என்பர் மாணவர் சிலர். அவர்களுக்கு அதே நூலின் மற்றொரு பகுதியைப் படித்துக் காட்டுவது என் வழக்கமாக இருந்தது. கன்னடக் கடற்கரையிலுள்ள ஹொன்னாவரில் பதினொரு மாதம் ரொட்டியே காணாது சோறுண்டதாகப் பதூதா கூறுகிறார். மாலத்தீவு, இலங்கை, மலையாளக் கரை, நம் சோழமண்டலக் கரை ஆகிய இடங்களில் மூன்றாண்டுகள் சோறே உணவாயிற்றாம். முடிவில், தண்ணீரின் துணையின்றி அது தொண்டையில் இறங்கவில்லையாம்! நமக்கு உயிரான சோறு, கோதுமை உண்டு வளர்ந்த அவருக்குச் சுமையாயிற்று. இதனாற் சோறு தீயதாகிவிடுமோ?

மாலி மக்கள் அக்கூழை ஏனைய உணவுகள் எல்லாவற்றினும் மேலாக விரும்பினர் என்பதையும் பதூதாவே எழுதிவைத்துள்ளார். அதுவே அவர்தம் நேர்மை. உண்டபின் நோய் வந்தது என்பது அவர் கண்டது. உணவே நஞ்சு என்பது நாம் சேர்ப்பது. கண்டதையும் சேர்த்ததையும் பிரித்தறிவதே வரலாறு பயில்வோர்க்கு முதற் கடமை.

நாளை நீங்களும் வேற்று நாட்டுப் பந்தியில் அமர்வீர்கள். சிறிதளவே உண்டு வயிற்றைப் பழக்குங்கள். அது ஒவ்வாதாயின் இலையை மூடுங்கள்; அம்மக்களைப் பழிக்க வாய் திறவாதீர்கள்.