ஃபார்ம்.டி. – பிஎச்.டி. இரட்டைப் பட்டப்படிப்பு

மருந்தாளுநர் தொழிலுக்குரிய ஃபார்ம்.டி. பட்டத்தையும் ஆராய்ச்சிக்குரிய பிஎச்.டி. பட்டத்தையும் ஒரே பல்கலைக்கழகத்தில் இணைத்துப் பெறும் ஏற்பாடு. பெரும்பாலும் அமெரிக்காவில்தான் உள்ளது. கென்டக்கி, மினசோட்டா, மேரிலாந்து பல்கலைக்கழகங்கள் இதை நடத்துவனவற்றுள் சில. தனித்தனியாகப் படித்தால் ஃபார்ம்.டி.க்கு 4 ஆண்டு, பிஎச்.டி.க்கு ஏறத்தாழ 5 ஆண்டு ஆகும். இணைத்துப் படித்தால் 7 அல்லது 8 ஆண்டில் முடியும். இரண்டுக்கும் பொதுவான பாடங்களை ஒருமுறை படித்தால் போதும் என்பதால் கிடைக்கும் மிச்சம் இது. ஃபார்ம்.டி.க்கு முன் கல்லூரியில் படிக்கவேண்டிய குறைந்தது 2 ஆண்டுகள் இந்தக் கணக்கில் சேரா. சேருவோர் எங்கும் சிலரே.

அமெரிக்காவின் முதல் ஃபார்ம்.டி. படிப்பைத் தெற்குக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் 1950இல் தொடங்கியது. அப்போது மருந்தாளுநர்கள் பெரும்பாலோர் இளநிலைப் பட்டத்தோடு கடைக்கு வந்தவர்கள். 1966இல் சான் பிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக மருத்துவமனையின் 9ஆம் தளத்தில், நோயாளிகள் இருக்கும் இடத்திலேயே மருந்தாளுநர்களை அமர்த்திப் பார்த்தார்கள். மருந்தைக் கட்டிக் கொடுப்பவர் மருந்தின் விளைவைக் கண்ணால் பார்க்கத் தொடங்கியதும், ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டிய கேள்விகள் பெருகின. மருந்தாளுநர் தொழிலை ஆராய்ந்த, ஜான் மில்லிஸ் தலைமையிலான குழு 1975இல் தந்த அறிக்கை, ஏதேனும் ஓர் அறிவியல் துறையிலும் மருந்தாளுநர் பணியிலும் ஒருசேரத் தேர்ந்தவர்கள் தேவை என்றது. 2000இல் நடைமுறைக்கு வந்த கல்லூரி அங்கீகாரத் தரவிதிகளோடு ஃபார்ம்.டி.யே மருந்தாளுநர் உரிமத்துக்கான அடிப்படைப் பட்டமானது. இரட்டைப் படிப்பில் தொழில் பக்கத்தின் வடிவமும் அதோடு உறுதிப்பட்டது.

எப்படிப்பட்ட வேலைக்கு இந்தப் பயிற்சி என்பதை வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கொண்டு விளக்கலாம். மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமித் தொற்றுக்கு இது முக்கிய மருந்து. கடுமையான தொற்றில், அடுத்த டோஸுக்குச் சற்று முன் எடுத்த ரத்தத்தில் லிட்டருக்கு 15 முதல் 20 மில்லிகிராம் இருக்கும்படி டோஸைச் சரிசெய்வது பல ஆண்டு வழக்கமாக இருந்தது. அந்த அளவைத் துரத்தியபோது சிறுநீரகம் பாதிக்கப்படுவதும் கூடியது. 2020இல் அமெரிக்க மருந்தாளுநர், தொற்றுநோய் மருத்துவர் அமைப்புகள் சேர்ந்து அந்த இலக்கைக் கைவிட்டன. 24 மணி நேரத்தில் உடல் எதிர்கொள்ளும் மருந்தின் மொத்த அளவைக் காட்டும், ரத்தச் செறிவு வரைகோட்டுக்குக் கீழுள்ள பரப்பு 400க்கும் 600க்கும் இடையில் இருக்கட்டும் என்றன. ஒன்றிரண்டு ரத்த மாதிரிகளிலிருந்து அந்தப் பரப்பைக் கணிக்க, பல நோயாளிகளின் தரவில் கட்டிய கணித மாதிரி வேண்டும். சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் கிரியேட்டினின் ஏறுவதை வார்டில் பார்ப்பவரும் மாதிரியை எழுதுபவரும் பொதுவாக வேறு வேறு ஆட்கள். இரண்டையும் ஒருவரே செய்யட்டும் என்பதுதான் இந்தப் படிப்பின் நோக்கம். இப்படி உடலில் மருந்தின் போக்கைக் கணிக்கும் மருந்தியக்கவியல் தவிர, மருத்துவ வேதியியல், மருந்து மரபியல், மருந்துப் பொருளாதாரம் ஆகியவற்றிலும் ஆய்வேடு எழுதலாம்.

படிப்பின் அமைப்பு இருவகை. முதல் வகையில் 2 அல்லது 3 ஆண்டு ஃபார்ம்.டி. வகுப்பு. கோடை விடுமுறை ஆய்வகங்களில் கழியும். நெறியாளரைத் தேர்ந்துகொள்வதும் பெரும்பாலும் அங்கேதான். பிறகு தகுதித் தேர்வு, சில ஆண்டு ஆய்வு, ஆய்வேடு. அதன்பின் ஃபார்ம்.டி. இறுதியாண்டின் சுழற்சிப் பயிற்சிக்குத் திரும்ப வேண்டும்: குறைந்தது 36 வாரம், 1,440 மணி நேரம். சிக்கலே இந்தத் திரும்புதலில்தான். பயிற்சிக்கு நாள் குறித்திருப்பார்கள். ஆய்வுக்கு அப்படிக் குறிக்க முடியாது. எலியில் வேலை செய்த மூலக்கூறு ஆறு மாதம் அடம்பிடித்தால் அடுத்த பயிற்சித் தொடரே கைநழுவும். வார்டுக்கு வந்துசேரும்போது படித்த சிகிச்சை நெறிமுறைகள் சில மாறியிருக்கும். புது மருந்துகள் வந்திருக்கும். உடன் சேர்ந்த வகுப்புத் தோழரே பயிற்றுநராக நிற்கவும் கூடும்.

இரண்டாவது வகையில் ஃபார்ம்.டி.யை முழுதாக முடித்து, உரிமத் தேர்வும் எழுதிவிட்டு ஆய்வில் இறங்குவார்கள். ஆய்வு பாதியில் நின்றாலும் பிழைப்புக்கு உரிமம் உண்டு. துறை அனுமதித்தால் வார இறுதியில் மருந்தகத்தில் வேலை பார்த்துச் சம்பாதிக்கலாம். மாணவர் பக்கத்திலிருந்து பார்த்தால் இதுவே மேல்.

பணக் கணக்கும் இரண்டாகப் பிரிகிறது. அறிவியல் பிஎச்.டி. மாணவருக்குக் கட்டண விலக்கும் மாத உதவித்தொகையும் வழக்கம். ஃபார்ம்.டி. ஆண்டுகளுக்கோ பெரும்பாலும் மாணவரே கட்ட வேண்டும், அதுவும் கடன் வாங்கி. மருத்துவ மாணவர்களுக்கு 1964 முதல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் நடத்திவரும் இரட்டைப் பட்ட நிதித்திட்டத்துக்கு இணையாக மருந்தாளுநர்களுக்கென்றே தனியான ஒன்று இல்லை. சேருவோர் சிலராகவே இருப்பதற்கு, ஆர்வக் குறைவைவிட இதுவே பெரிய காரணமாகத் தோன்றுகிறது.

முடித்தவர்கள் மருந்தியல் கல்லூரிப் பேராசிரியர்களாகவும், மருந்து நிறுவனங்களில் மனிதச் சோதனைகளுக்கு டோஸ் வகுப்பவர்களாகவும், அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தில் புது மருந்து விண்ணப்பங்களை ஆராய்பவர்களாகவும் போகிறார்கள். வார்டில் மட்டுமே பணிபுரிய விரும்புபவருக்கு இரண்டாம் பட்டம் வேண்டியதில்லை. ரெசிடென்சி எனப்படும் ஓரிரு ஆண்டு மருத்துவமனைப் பயிற்சி போதும். ஆராய்ச்சிக்குக்கூட இது ஒன்றே வழி என்று சொல்ல முடியாது. மருந்தின் அளவுக்கும் விளைவுக்குமான தொடர்பைக் கணிதமாக வகுத்த முன்னோடி, பஃபலோ பல்கலைக்கழகத்தின் கெர்ஹார்ட் லெவி, படித்துப் பெற்ற முனைவர் பட்டம் ஃபார்ம்.டி.தான்.

இந்தியாவில் ஃபார்ம்.டி. 2008இல் வந்தது: 5 ஆண்டு படிப்பு, 1 ஆண்டு பயிற்சி. முடித்தவர்கள் எம்.ஃபார்ம். இல்லாமலே பிஎச்.டி.யில் சேரலாம். ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் படிக்க வழியில்லை. ஒரே சமயத்தில் இரு பட்டப்படிப்புகளை அனுமதித்துப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், பிஎச்.டி.யை அந்தச் சலுகையிலிருந்து விலக்கியே வைத்துள்ளன.