அமூர் வல்லூறு

அமூர் வல்லூறு (பால்கோ அமுரென்சிஸ்), தென்கிழக்குச் சைபீரியாவிலும் வடசீனத்திலும் இனம்பெருக்கி, இலையுதிர்காலத்தில் இந்தியா வழியாக ஆப்பிரிக்காவின் தென்பிரதேசங்களுக்கு வலசை செல்லும் சிறிய வேட்டைப்பறவை. வல்லூற்றுக் குடும்பத்தைச் சேர்ந்த இதன் நீளம் 26 முதல் 30 செ.மீ. ஆண் கருஞ்சாம்பல் வர்ணமும், செம்பழுப்புத் தொடைகளும், சிறகின் அடியில் முன்பாதி வெண்மையும் உடையது. பெண்ணின் வெளிறிய அடிப்பாகத்தில் கருங்கோடுகள் காணப்படும். ஈசல், தும்பி, வெட்டுக்கிளி முதலியவற்றைப் பறந்தபடியே காலால் பற்றி உண்ணும்.

வலசை: அக்டோபர், நவம்பர் மாதங்களில் நாகாலாந்து, மணிப்பூர் முதலிய வடகிழக்குப் பிரதேசங்களில் பெருந்திரளாகத் தங்கி, ஈசலுண்டு உடலில் கொழுப்பைச் சேமித்தபின், தீபகற்பத்தையும் மேற்குத் தொடர்ச்சி மலையையும் கடந்து, வடகிழக்குப் பருவக்காற்றின் துணையோடு அரபிக்கடலின்மீது ஏறத்தாழ 3,000 கி.மீ. தூரம் இடைநில்லாது பறக்கும். நிலத்திலிருந்து மேலெழும் வெப்பக்காற்றை நம்பிப் பிரயாணம் செய்யும் அகன்ற சிறகுப் பருந்தினங்களோ, கடலைக் கூடியமட்டும் தவிர்த்து, சுவீடனின் பால்ஸ்டர்போ போன்ற நிலமுனைகளில் இலையுதிர்காலந்தோறும் குவிகின்றன.

பாதுகாப்பு: 2012-இல் நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கத்தருகே இப்பறவைகள் வலைவிரித்துப் பெருந்தொகையாகக் கொல்லப்பட்ட செய்தி வெளிவந்ததை அடுத்து, வனத்துறையினரும் கிராம சபைகளும் ஒன்றுகூடி வேட்டையை மறு ஆண்டே நிறுத்தினர். 2013 நவம்பரில் இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் முயற்சியால் நாகா, பாங்தி, வோகா எனப் பெயரிடப்பட்ட மூன்று பறவைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தி, அவற்றின் கடல்வழி அறியப்பட்டது.