செட்டிநாட்டு ஏஜெண்டும் ஃபிக்ஹு கூறும் இருவகைக் கூலியாளும்

காரைக்குடியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் நிற்கும் மாளிகைகளின் பர்மாத் தேக்கைக் கண்டு வியவாதார் இலர். அம்மாளிகைகளுக்கான பொருளைக் கடல் கடந்து ஈட்டி அனுப்பியவர்களுள் பலர் அவற்றின் உரிமையாளர் அல்லர். குறித்த தவணைக்கு எழுத்து வாங்கி அனுப்பப்பட்ட ஏஜெண்டுகள். அவர் தம் பொறுப்பில் தொழில் ஏற்ற ஒப்பந்தக்காரரா, பிறர் பொறுப்பில் உழைத்த ஊழியரா? பழைய வினாவே எனினும், இன்றும் பல்லாயிரவரின் கூலியும் நட்டமும் இதன் விடையைப் பொறுத்தே அமைகின்றன.

1852ஆம் ஆண்டுப் போரின் பின் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. நெல் விளைச்சல் பெருகப் பெருக நகரத்தார் வட்டிக்கடைகளும் அங்குப் பெருகின. 1929-30இல் ஆய்வு நடத்திய பர்மா வங்கி விசாரணைக் குழு அவற்றின் எண்ணிக்கையை ஏறத்தாழ 1,650 எனக் கணித்தது. முதலாளி பெரும்பாலும் ஊரில் இருப்பார். கடையை ஏஜெண்டு நடத்துவார். தவணை வழக்கமாக மூன்றாண்டு. சம்பளத்தின் ஒரு பகுதி புறப்படும்போதே முன்பணமாகத் தரப்படும். அங்கு உண்ணும் உணவும் தங்கும் இடமும் கடைச் செலவு. இலாபத்தில் ஒரு பங்கு வெகுமதியாகக் கிடைப்பதும் உண்டு. அவருக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன் எனப் படிநிலைகள் இருந்தன.

முதலாளி தந்த அதிகாரப் பத்திரத்தைக் கொண்டு ஏஜெண்டு கடன் கொடுத்தார், வைப்புத்தொகை ஏற்றார், நீதிமன்றத்தில் வழக்கிட்டார், நிலம் எழுதி வாங்கினார். ஆயிரம் கல் தொலைவிலிருந்த முதலாளி அன்றாடம் அவருக்குக் கட்டளையிட இயலாது. புறத்தே நோக்குவார்க்கு அவர் தனித்து இயங்கும் தொழிலாளராகவே தோன்றுவார். எனினும் ஒவ்வோர் ஏட்டிலும் முதலாளியின் விலாசமே இருந்தது.

இத்தகைய உறவுகளைப் பகுத்தறிய நம் மார்க்கச் சட்ட அறிஞர்கள் தெளிவான அளவுகோலை வகுத்துள்ளனர். 1869 முதல் 1876 வரை உதுமானியப் பேரரசில் தொகுக்கப்பட்ட மஜல்லா, ஹனஃபி மத்ஹபின்படி, கூலியாளை இருவகையாகப் பிரிக்கிறது. ஒருவருக்கே தம் காலத்தைக் கொடுப்பவர் ‘அஜீர் காஸ்’. பலருக்கும் வேலை செய்து கொடுக்கும் தையற்காரர், சுமை தூக்குவோர், தரகர், படகோட்டி போன்றோர் ‘அஜீர் முஷ்தரக்’. முன்னவர் வேலைக்கு ஆயத்தமாக இருந்தாலே கூலிக்கு உரியவர். வேலை வராமற் போனது அவர் குற்றமன்று. பின்னவரோ வேலையை முடித்தால்தான் கூலிக்கு உரியவர்.

பொருள் கெட்டால் எவர் பொறுப்பு என்பதில்தான் கருத்து மோதல் எழுந்தது. முன்னவர் அமானிதக்காரர், வரம்பு மீறினாலன்றி ஈடு செய்ய வேண்டியதில்லை. பின்னவர் தம் செயலால் கெடுத்ததற்கு ஈடு செய்யவேண்டும் என்பதே ஹனஃபி மத்ஹபின் நிலைப்பாடு. அவர் செயலின்றியே பொருள் தொலைந்தால் பொறுப்பில்லை என்றார் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). தவிர்த்திருக்கக் கூடிய இழப்பெனில் ஈடு செய்யவேண்டும் என்றனர் அவருடைய மாணாக்கர்களான இமாம் அபூயூஸுஃபும் இமாம் முஹம்மதும் (ரஹ்). கைவினைஞரைப் பொறுப்பாக்கிய தீர்ப்பு அலீ (ரலி) அவர்களைச் சார்ந்தும் அறிவிக்கப்படுகிறது. பொருளை ஒப்படைத்த மக்களின் நலமும் உழைப்பவரின் நலமும் இவ்விவாதத்தில் சீர்தூக்கப்படுவதை நாம் காண்கிறோம்.

இவ்வளவுகோலைச் செட்டிநாட்டு ஏஜெண்டுக்குப் பொருத்துவோம். (வட்டி ஹராம் என்பதில் ஐயமில்லை, ஈண்டு நாம் ஆராய்வது அத்தொழிலின் வேலை ஒப்பந்தத்தை மட்டுமே.) மூன்றாண்டுக் காலத்தை ஒரு முதலாளிக்கே கொடுத்தமையால் அவர் அஜீர் காஸ், பத்திரத்தின் பலத்தால் வக்கீலும் ஆவார். இலாபத்தில் பங்கு பெற்றமையால் அவரை முளாரபாக் கூட்டாளி எனல் ஆகாது. முளாரபாவில் உழைப்பவருக்கு நிச்சயமான சம்பளம் இல்லை. இலாபம் இல்லையெனில் அவர் உழைப்பு வீணாகும்.

நட்டம் வந்தபோது உண்மை வெளிப்பட்டது. 1930களில் நெல் விலை வீழ, கடன் பாக்கிக்காக நிலங்கள் கடைகளின் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடாக இருந்த நகரத்தார் நிலவுடைமை 1937இல் 25 விழுக்காடாயிற்று. 1942இல் ஜப்பானியர் நுழைந்தனர். பின்னர் அந்நிலங்களும் கைவிட்டுப் போயின. மூழ்கிய முதல் முதலாளியின் முதலே.

இந்திய உச்சநீதிமன்றமும் பெயரைக் கடந்தே நோக்கியுள்ளது. மணங்குக் கணக்கில் கூலி பெற்ற குஜராத் உப்பளத்தாரை 1956இலும், உருப்படிக் கணக்கில் தைத்த ஆந்திரத் தையற்காரரை 1973இலும் அது ஊழியர் என்றே கொண்டது. தையற்கடையில் இயந்திரம் கடைக்காரருடையது. தைத்ததைத் தள்ளும் உரிமையும் அவருடையது. ஆகவே, மஜல்லா முஷ்தரக்குக்குச் சான்றாகக் காட்டும் தையற்காரரே இடம் மாறியபோது ஊழியரானார்.

2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, செயலிவழி வேலை செய்வோரைத் தனிப் பிரிவாக ஏற்றுள்ளது. அவர்களிடம் நீட்டப்படும் ஒப்பந்தங்களில் ‘கூட்டாளி’ என்ற சொல் இருப்பதுண்டு. கையொப்பமிடுமுன் மூன்றைக் கேட்டறிதல் நன்று: காலம் எவருக்குரியது? கருவியும் முதலும் எவருடையவை? நட்டம் எவர் தலையில்? நட்டத்தை மட்டும் உழைப்பவருக்கு ஒதுக்கி, காலத்தையும் கட்டளையையும் தன்னிடமே வைத்துக்கொள்ளும் ஒப்பந்தம், என்ன பெயர் பூண்டாலும், நீதியன்று.